என்ஜின் மூடிகளுக்குக் கிளிப்பச்சை

ஜூலை 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதை முதலில் கேட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம். இங்கே அம்மாவுக்கு பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் வாண்டு பாப்பா சௌக்கியம்.

இனி போன் எடுக்க மாட்டேன், எதுவானாலும் எழுதுங்கள் என்று நீங்கள் சொல்லி அனுப்பியதால் எழுதுகிறேன். டாக்ஸிகளின் டிரிப் ஷீட்டில் கிலோமீட்டர் எழுதிப் பழகிய கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அவர் போன் பண்ணாம இருந்திருந்தா அவ பாலத்து நடுவுல நிறுத்தியிருக்க மாட்டா. பின்னாடி வந்த லாரி இடிச்சிருக்காது." தங்கச்சியின் போனில் எடுக்காத அழைப்பாக உங்கள் நம்பர் இருந்ததைப் போலீஸ்காரர் காட்டினாரே, அன்றைக்குப் பிடித்த பிடி. நான் குறுக்கே பேசினால் எனக்கும் சேர்த்து விழுகிறது. பெற்ற வயிறு, என்ன செய்ய? பாப்பாவை உங்களிடம் அனுப்பும் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார். கொஞ்ச நாள் ஆறட்டும் மாப்பிள்ளை. பிள்ளை இங்கே வாடாமல் இருக்கிறாள்.

ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டார்களாமே. அதை வாசலில் நிறுத்திவைத்து ஏன் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். மனசு வரவில்லை என்றால் சொல்லுங்கள், நான் ஆள் அனுப்பி இழுத்துவரச் சொல்கிறேன். தங்கச்சிக்கு நான் கொடுத்த வண்டிதானே. நானே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வரியாவது பதில் போடுங்கள்.

உங்கள் நலத்தையே நினைத்திருக்கும்
மச்சான்


ஜூலை 19

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். அத்தை மருந்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்கவில்லை. பின்பக்கம் முழுவதும் பிரித்து டிங்கரிங் முடிந்துவிட்டது. எங்கள் தெருமுனைக் கடைக்காரர்தான் செய்தார். அவரை எல்லோரும் 'பட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதை உடைத்துக்கொண்டு போனாலும், "ஒரு கை பட்டி பூசிட்டா யாருக்குத் தெரியப்போகுது" என்பார். வேலை சுத்தம். டிக்கியைத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டேஷன் மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் வண்டி உடனே பிடித்துக்கொண்டதாம். அதனால்தான் வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டியவரே நிறுத்தியிருக்கிறார் என்று எழுதிவிட்டார்கள். மழையில், பாலத்தில், பின்னால் லாரி வரும்போது, அவளாகவே நிறுத்தினாளாம். தொழிற்சாலையில் நின்றுபோன மெஷின் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. இதற்குப் பதில் என் போனில் இருந்தது. அத்தை சொல்வதில் என்ன தப்பு? சேர்ந்துவிட்டாளா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

இப்போது வேறு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பானட்டைத் திறந்தால் என்ஜினுக்கு மேலே எல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிகள். "திறந்தாலே எழவு வீடு மாதிரி இருக்கு, கலர் அடிச்சுக் குடு" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கிளிப்பச்சை ஸ்ப்ரே டப்பாக்கள் அவளே வாங்கி வைத்தாள். அலமாரியில் அப்படியே இருந்தன. என்ஜின் மேல்மூடி, ஏர் ஃபில்டர் மூடி, ஃப்யூஸ் பெட்டி மூடி, பேட்டரி மூடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அடிக்கப்போகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று பட்டி கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

முடிந்ததும் அந்த வண்டியிலேயே வந்து பாப்பாவைக் கூட்டிப்போகிறேன். அத்தையிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

அனைவரும் நலமாக இருக்க வேண்டி,
மாப்பிள்ளை


ஜூலை 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பின்பக்க வேலை முடிந்ததில் சந்தோஷம். முன்பக்கத்தை எதற்குத் தொடுகிறீர்கள்? இருப்பது இருந்தபடி இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது. நாலு நாள் சூட்டில் தோல் மாதிரி உரிந்துவரும். என் வண்டி ஒன்றுக்கு அடித்துப் பார்த்து நாறிப்போனது. கிளிப்பும் பழைய கிளிப்பு, கழற்றினால் பட்டென்று உடையும். பேட்டரிப் பக்கம் கையே வைக்காதீர்கள், ஷார்ட் ஆகும். உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் சொல்கிறேன்.

நீங்கள் அந்த வண்டியில் இவ்வளவு தூரம் வர வேண்டாம். அந்தப் பாலத்தைத் தாண்டித்தானே வர வேண்டும்? என் டிரைவரை பஸ்ஸில் அனுப்புகிறேன். அவன் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான். இப்போதே அனுப்பட்டுமா? சாவியை மட்டும் கொடுத்துவிடுங்கள், மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். படம் வரைகிறாள். முன்பெல்லாம் என் போனைப் பிடுங்கிக்கொண்டு தரவே மாட்டாள் அல்லவா, இப்போது கையில் கொடுத்தாலும் வாங்குவதில்லை. நானும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பட்டன் போனுக்கு வந்துவிட்டேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று டிரைவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. போகட்டும், மனசுக்கு நிம்மதி.

மறக்காமல் பதில் போடுங்கள். டிரைவர் தயாராக இருக்கிறான்.

பிரியமுள்ள
மச்சான்


ஆகஸ்ட் 16

மச்சானுக்கு,

நலம். அத்தைக்கும் பாப்பாவுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். டிரைவரை அனுப்ப வேண்டாம்.

பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்கும். கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு எண்ணெய்ப் பிசுக்கு போக ஸ்பிரிட் துணி. பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுக்கச் சாகும்வரை தேய்க்க வேண்டும். அதற்கப்புறம் பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கிற பிரைமர். அது இல்லாமல் அடித்தால்தான் நீங்கள் சொன்ன மாதிரி தோல் உரியும். கலரை ஒரேயடியாக அடிக்கக் கூடாது. பனி படிந்த மாதிரி ஒரு கை, காயவிட்டு இன்னொரு கை. அவசரப்பட்டால் வழிந்துவிடும். எனக்கு அவசரம் இல்லை. வீட்டுக்குள் போவதற்கு இது தேவலை.

மேல்மூடி முடிந்துவிட்டது. பட்டி வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், கிளியை உரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. அவரே பிறகு மன்னிப்புக் கேட்டார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பேட்டரி மூடியைக் கழற்றியபோது அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கம்பெனி வைத்தது இல்லை. வயரை நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டு, மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறது. உங்கள் ஷெட்டில் எல்லா வண்டிக்கும் மஞ்சள் டேப்தான் சுற்றுவார்கள் என்று ஞாபகம். வண்டியை எங்களுக்குக் கொடுக்கும் முன் இதில் ஏதாவது மாட்டினீர்களா?

பேட்டரி மூடியை இன்னும் அடிக்கவில்லை. உங்கள் பதில் வந்ததும் அடிக்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து,
மாப்பிள்ளை


செப்டம்பர் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஷெட்டில் வேலை. ஒரு டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான், அவன் வண்டியையும் நானே ஓட்டுகிறேன்.

அம்மாவுக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது தூங்குகிறார். பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறது. விழுந்தால் உங்களுக்குத்தான் அனுப்ப வேண்டுமாம், காகிதத்தில் மடித்து வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார், மற்றப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது இவள் மட்டும் சுவரோடு ஒட்டி நிற்கிறாளாம். வா என்று கூப்பிட்டால் அழுகிறாளாம். பழகிவிடும். வீட்டில் நான் அந்த விளையாட்டையே எடுப்பதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. உங்கள் பக்கம் எப்படி? ஈரத்தில் பெயிண்ட் காயாது, வேலையை அப்படியே நிறுத்திவையுங்கள். நிறுத்திவிட்டு வண்டியை எனக்கு அனுப்பிவிடுங்கள் மாப்பிள்ளை. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

எப்போதும் உங்கள் நன்மையை விரும்பும்
மச்சான்


செப்டம்பர் 26

மச்சானுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது.

மழையைப் பற்றி எழுதினீர்கள், பல்லைப் பற்றி எழுதினீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. இனி நானே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியைக் கழற்றி வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துப்போனேன். சாப்பாட்டு நேரத்தில் மேஜைமேல் வைத்து மின்சாரம் கொடுத்துச் சோதித்தேன். டாக்ஸி முதலாளிகள் வண்டி எங்கே போகிறது என்று போனில் பார்க்க வைக்கிற சாமான் அது. பார்ப்பது மட்டும் இல்லை. வண்டியைத் திருடன் கொண்டுபோனால் நிறுத்துவதற்கும் அதில் வழி இருக்கிறது. போனில் ஒரு சிவப்புப் பொத்தானைத் தொட்டால் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். என்ஜினுக்கு பெட்ரோல் போவது நின்றுவிடும். கொஞ்சம் விலை கூடின பெட்டி என்றால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தாது, வேகம் குறையும்வரை காத்திருக்கும். இது காத்திருக்கிற ரகம் இல்லை.

மறுபடி பச்சைப் பொத்தானைத் தொட்டால் வண்டி பழையபடி ஓடும். ஸ்டேஷனில் சாவியைத் திருப்பியதும் ஏன் பிடித்துக்கொண்டது என்று இப்போது தெரிகிறது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு யாரோ திறந்தும் விட்டிருக்கிறார்கள்.

மச்சான், போன் இல்லாமலே வயரில் நேராக மின்சாரம் கொடுத்து அந்த 'டக்' சத்தத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

அவளை எடுத்துப் போட்டிருந்த அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விதி மாப்பிள்ளை, நம்ம கையில என்ன இருக்கு" என்று சொன்னீர்கள். அத்தை என் முகத்துக்கு நேராக, "உன் போன்தான்டா எம்பொண்ணைக் கொன்னுச்சு" என்று கத்தியபோதும் பக்கத்தில்தான் நின்றீர்கள். என்னை அத்தை 'டா' போட்டது அன்றைக்குத்தான். பொண்டாட்டியைக் கொன்றவன் என்று நான் என்னையே நினைத்துக்கொண்டு திரிந்தபோது, உங்கள் சட்டைப்பையில் அந்தப் பொத்தான் இருந்தது.

இங்கே ஸ்டேஷனில் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். பெட்டியை அவர் கையில் கொடுத்தால், எந்தப் போனிலிருந்து நிறுத்தினார்கள் என்பதை எடுத்துவிடுவார்கள். கொடுக்கும் முன் உங்களைக் கேட்கிறேன். யார் தொட்டது?

பேட்டரி மூடி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை


அக்டோபர் 18

மச்சானுக்கு,

அத்தையும் பாப்பாவும் நலமா?

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மாதக் கடைசிவரை பார்ப்பேன். அதற்குப் பிறகு நான் எழுத மாட்டேன், வருவேன். தனியாக வர மாட்டேன்.

பெட்டி பத்திரமாக இருக்கிறது. என் பிள்ளையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

மாப்பிள்ளை


அக்டோபர் 23

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான்தான். என் எல்லா டாக்ஸியிலும் அந்தப் பெட்டி உண்டு. தங்கச்சிக்குக் கொடுக்கும் வண்டியிலும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மாட்டினேன். சொன்னால் வேவு பார்க்கிறேன் என்று சண்டைக்கு வருவாள், அதனால் சொல்லவில்லை. அன்றைக்கு டாக்ஸியில் சவாரி போய்க்கொண்டிருந்தேன். போனைப் பார்த்தேன். அவள் வண்டி எங்கள் ஊர்ப் பாலத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் வருவது எனக்குத் தெரியாது. எவனோ வண்டியைத் தூக்கிவிட்டான் என்று நினைத்து அழுத்திவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. இன்ஸ்பெக்டரிடமும் இதையே சொல்லுங்கள். நானே வந்து எழுதிக் கொடுக்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

ஒன்றே ஒன்று. போலீஸ் இந்த வீட்டுக்கு வர வேண்டாம். அம்மாவையோ பிள்ளையையோ யாரும் கேள்வி கேட்க வேண்டாம். என்னை அங்கே கூப்பிடுங்கள், வருகிறேன். பிள்ளையிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இதை எனக்குச் செய்யுங்கள்.

மச்சான் என்று எழுதலாமா தெரியவில்லை


அக்டோபர் 25

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதறது.

நல்லா இருக்கீங்களா. நான் இருக்கேன். பேசற மாதிரிதான் எனக்கு எழுத வரும், அப்படியே படிச்சுக்கங்க. பாப்பாவுக்கு பல்லு விழுந்துடுச்சு. இதோட மடிச்சு வெச்சிருக்கேன், பத்திரமா எடுங்க.

உங்களை நான் அன்னிக்குப் பேசினது கொஞ்சநஞ்சம் இல்ல. எனக்கே தெரியும். பத்து நாளா எம்பையன் சாப்பிடறது இல்ல. ஷெட்டுக்கும் போறது இல்ல. கேட்டா, "மாப்பிள்ளை போன் காரணம் இல்லம்மா, அவரை விட்டுடு"ன்னு சொல்லிச் சொல்லி அழுவுறான். அப்போ எதுதான்டா காரணம்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறான். அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. தெரியாம எனக்கு உசுரு போகாது மாப்பிள்ளை. ஓடற வண்டி ஏன் நின்னுச்சு? எனக்கு ஒரு பதில் வேணும்.

இந்தப் பிள்ளை வேற ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு. பொம்மையைத் தூக்கி வெச்சுக்கிட்டு, "நில்லு நில்லு, நான் இன்னும் ஒளியல"ன்னு விளையாடுது. என்னடின்னு கேட்டா, "அம்மா சீக்கிரம் வந்துட்டாங்க பாட்டி, நான்தான் நிக்கச் சொன்னேன்"னு சொல்லுது. எனக்கு ஒண்ணும் புரியல. அன்னிக்குத் தன்னைக் கூட்டிப் போக அவ வர்றான்னு தெரிஞ்சதுலேர்ந்தே இது கதவுக்குப் பின்னாடி ஒளியணும், அலமாரிக்குப் பின்னாடி ஒளியணும்னு ஒரே ஆட்டம். எம்பையன் வாசல்ல காருக்கு அடியில படுத்து என்னமோ பிடுங்கிக்கிட்டு இருந்தான். அவன் போன் இது கையில. "அம்மா புள்ளி கிட்ட வந்துடுச்சு, கிட்ட வந்துடுச்சு"ன்னு கத்திக்கிட்டே வீட்டைச் சுத்தி ஓடுச்சு. மழை வேற. நான் அடுப்புல நின்னேன். அப்புறம் சத்தமே காணோம், ஒளிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். போலீஸு வந்து சொல்ற வரைக்கும் அது அலமாரிக்குப் பின்னாடியேதான் உக்காந்திருந்துச்சு.

பிள்ளைங்க பேச்சு. ஆனா அதை உக்கார வெச்சு நிதானமாக் கேக்கணும்னு இருக்கேன். பக்கத்துல ஒரு டாக்டரம்மா குழந்தைங்க கிட்ட பேசியே எல்லாத்தையும் வாங்கிடுவாங்களாம். வர்ற வாரம் கூட்டிப் போறேன்.

நீங்க ஒண்ணு செய்ங்க. உங்க போன் காரணம் இல்லன்னா, என் முகத்தைப் பாத்து, இல்ல அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏன் நின்னுச்சுன்னு காரணத்தையும் சொல்லுங்க. படிச்சவரு, உங்களுக்கு வண்டியைப் பத்தித் தெரியாததா. அன்னிக்கே பிள்ளையை உங்க கையில குடுத்துடறேன். அது உங்களை ரொம்பத் தேடுது. நான்தான் கல்லா உக்காந்திருக்கேன்.

உடம்பைப் பாத்துக்கங்க.

அத்தை


நவம்பர் 2

மச்சானுக்கு,

உங்கள் கடிதமும் அத்தையின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. உங்களுடையதை முதலில் பிரித்தேன். படித்து முடித்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டினேன். நான் என்ன செய்ய வந்திருப்பேன் என்று எழுத வேண்டாம், நீங்களே தெரிந்துகொள்வீர்கள். செருப்பை மாட்டும்போதுதான் மேஜைமேல் இன்னொரு உறை இருப்பதைப் பார்த்தேன். பல் முதலில் கையில் விழுந்தது.

நீங்கள் சொன்னது பொய். அவள் வருவது தெரியாது என்றீர்கள். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நீங்கள் சவாரியில் இல்லை, வாசலில் வண்டிக்கு அடியில் இருந்திருக்கிறீர்கள். போன் உங்கள் கையில் இல்லை.

இதை இனி எங்கேயும் சொல்லாதீர்கள். ஸ்டேஷனில் சொன்னால் போனைக் கேட்பார்கள், அன்றைக்கு யார் யார் வீட்டில் இருந்தார்கள் என்று கேட்பார்கள், கடைசியில் பாப்பாவின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார்கள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. என்ன கேட்கிறார்கள் என்று புரிகிற வயது வந்த பிறகும் தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு நாம் யாரும் எதுவும் செய்ய முடியாது.

நான் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. பெட்டி இப்போது இல்லை. கழிவுத் தொட்டிக்குப் போகும் முன் அதை நானே தூளாக்கினேன். வெட்டின வயரை கம்பெனி வைத்த மாதிரியே சேர்த்துவிட்டேன். பேட்டரி மூடிக்கும் பச்சை அடித்தாயிற்று. மூன்று கை, மேலே ஒரு கை வார்னிஷ். வழியவில்லை. மாட்டிப் பார்த்தேன், அடியில் எதுவும் இருந்ததாக யாருக்கும் தெரியாது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. அது இருக்கும். நீங்கள் என்னைப் பலி கொடுத்து பாப்பாவைக் காப்பாற்றினீர்கள். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன், கேட்கவில்லை என்பதுதான் கோபம்.

அத்தைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவார். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். டாக்டரம்மாவிடம் போவதை மட்டும் எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

பாப்பாவை மறுபடி ஒளிந்து விளையாடப் பழக்குங்கள். நீங்கள் சுவரைப் பார்த்து நின்று எண்ணுங்கள். அவளுக்கு நிறைய நேரம் கொடுங்கள்.

மாப்பிள்ளை


நவம்பர் 2

அத்தைக்கு,

நலமா? மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். பல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

ஓடுகிற வண்டி ஏன் நின்றது என்று கேட்டிருந்தீர்கள். முன்பக்கம் முழுவதையும் கழற்றி, ஒவ்வொரு மூடியாகப் பார்த்துவிட்டேன். ஒரு கோளாறும் இல்லை. வண்டி தானாக நிற்கவில்லை.

நான்தான் அத்தை. ஒரு தடவை கூப்பிட்டேன் என்று மட்டும்தான் போலீசிடம் சொன்னேன். அதற்கு முன்னால் காலையில் எங்களுக்குள் சண்டை. கூப்பிட்டால் உடனே எடுக்க வேண்டும், இல்லையென்றால் பேசவே மாட்டேன் என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். எனக்குப் பயந்துதான் மழையிலும் பாலத்தில் நிறுத்தி போனை எடுக்கப் பார்த்திருக்கிறாள். இதை யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மச்சானுக்குத் தெரியும். என்னைக் காட்டிக் கொடுக்க மனமில்லாமல்தான் அவர் அழுகிறார். அவரைத் திட்டாதீர்கள். நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி.

இனி இதைப் பற்றி யாரையும் கேட்க வேண்டாம். கேட்பதற்கு இதற்குமேல் எதுவும் இல்லை.

பிள்ளையை நான் இப்போது கேட்க மாட்டேன். உங்களுக்கு மனசு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். வராமலே போனாலும் நான் வந்து வாசலில் நிற்க மாட்டேன்.

நான்தான் நிக்கச் சொன்னேன் என்று அவள் மறுபடி சொன்னால் திட்டாதீர்கள், தோண்டித் துருவவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். "இல்லடா கண்ணு, அம்மா அப்பாவோட பேசத்தான் வண்டியை நிறுத்தினாங்க." தினமும் சொல்லுங்கள். அவள் அதை நம்பும்வரை சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை